வீட்டுவண்டியின் நாலாவது சக்கரம்

பாகலூர் பக்கத்துக் கல்குவாரிகளில், உள்ளிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வியாழக்கிழமை காலையில் நாலு சக்கரத்தில் உருண்டு வந்து, சாயங்காலம் திரும்பிப் போய்விடும்.

மற்றபடி அங்கே இருந்தவை தகரக் கொட்டகைகள். வாசலில் சாக்குப்படுதா தொங்கும். கல் உடைக்கும் பெண்கள் உடை மாற்றுவதும் குளிப்பதும் பிள்ளை பெறுவதும் அந்தச் சாக்குக்குப் பின்னால்தான். பெங்களூருக்குள் அப்போது எழும்பிக்கொண்டிருந்த கண்ணாடிக் கட்டடங்களின் அடியில் கிடப்பது அவர்கள் உடைத்த ஜல்லி. அந்தக் கட்டடங்களில் கழிப்பறைக் கதவுக்குக்கூடப் பித்தளைக் கைப்பிடி. கல் உடைத்தவளுக்கு ஒரு கொக்கிகூடக் கிடையாது. இதை நியாயம் என்று சொல்லத் துணிந்தவர்கள் யாருமில்லை. அநியாயம் என்று சொல்லவும் யாருக்கும் நேரமில்லை.

அந்த ஒற்றைக் கதவுக்குச் சொந்தக்காரி பிரிஜெட். ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். நகரசபைப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தாள். ஒரு மழை நாளில் வலியோடு வந்து நின்ற குவாரிப் பெண்ணை உள்ளே விடாமல், “குவாரின்னா எந்தத் தெரு? கதவு நம்பர் என்ன?” என்று எழுத்தர் கேட்டுக்கொண்டே இருந்தார். வராந்தாவிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. “கதவு நம்பர் இல்லாத வயித்துக்குள்ள இந்தப் புள்ள எப்படி சார் வழி கண்டுபிடிச்சு வந்துது?” என்று பிரிஜெட் கேட்டாள். கேட்டதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அவள் ராஜினாமாவை எழுதிக் கொடுத்தாள்.

வண்டி அதற்கு முன்பே அவளிடம் வந்திருந்தது. எழுபதுகளில் ஒரு ஜெர்மன் தம்பதி துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் என்று தரைவழியாகவே அதை ஓட்டிக்கொண்டு பெங்களூர் வரை வந்தார்கள். இங்கே அந்த மனைவிக்கு மஞ்சள் காமாலை கண்டது. பக்கத்து வீட்டு பிரிஜெட் ஒரு மாதத்துக்கு மேல் பார்த்துக்கொண்டாள். உயிர் தேறி விமானத்தில் ஊர் திரும்பியபோது, இனி இத்தனை தூரம் ஓட்டிப்போக உடம்பில் தெம்பில்லை என்று வண்டியை அவள் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே கட்டில், மிதித்தால் தண்ணீர் வரும் குழாய், சின்ன காஸ் அடுப்பு, அலமாரி, ஜன்னல்களுக்குத் திரை. வேலையை விட்ட பிறகு ஒருநாள் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. இது பரிசோதனை அறை. சக்கரம் வைத்த பரிசோதனை அறை!

குவாரிப் பெண்கள் அதற்கு ‘வூட்டு வண்டி’ என்று பேர் வைத்தார்கள். முதல் தடவை ஏறியவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் செய்தார்கள். தாழ்ப்பாளைப் போடுவார்கள், திறப்பார்கள், மறுபடியும் போடுவார்கள். நோவைச் சொல்வது அதற்கப்புறம்தான்.

வண்டியின் ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. நம் சாலையில் அதை வைத்துக்கொண்டு ஒரு லாரியை முந்த வேண்டுமானால் வலது இருக்கையில் இரண்டு கண்கள் வேண்டும். அந்தக் கண்கள் தங்கை கேத்தரினுடையவை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

“போ அக்கா, போ போ... ஐயோ, போகாதே!”

“ரெண்டுல ஒண்ணு சொல்லுடி.”

“நான் போன்னு சொன்னப்ப நீ போயிருந்தா, போகாதேன்னு சொல்ல வேண்டியிருந்திருக்காது.”

இப்படியே பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள். வண்டியின் வைத்தியன் லிங்கராஜபுரத்தில் டயர் கடை வைத்திருந்த ஜெயராஜ். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பாட்டுக் குழுவில் நின்று பாடுகிறவன்தான். ஆனாலும் ஆயுதபூஜை என்றால் கடையில் வாழைக்கன்றும் பூசணிக்காயும் வந்துவிடும். “ஸ்பேனருக்கு எந்த மதம் சிஸ்டர்? சோறு போடுதில்ல!” என்பான். அந்த ஊரில் எல்லாப் பட்டறைகளிலும் அப்படித்தான். குவாரியிலும் உளியையும் சம்மட்டியையும் கழுவிப் பொட்டு வைப்பார்கள்.

பிரிஜெட்டின் வண்டிக்கு ஜெயராஜ் ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை ஒரு கைங்கரியம் செய்தான். சக்கரங்களைக் கழற்றிக் கழுவி, முன்னும் பின்னும், நட்டு உட்காரும் குழிக்குள்ளும்கூட ஒரு இடம் விடாமல் பளபளவென்று பெயிண்ட் அடிப்பான். காசு வாங்க மாட்டான். “தெரியிற பக்கம் மட்டும் அடிச்சா அது ஊரை ஏமாத்தறது. அடிச்சா முழுசா அடிக்கணும்.” ஒரு வருஷம் வெள்ளி, ஒரு வருஷம் சிவப்பு, ஒரு வருஷம் பச்சை. குவாரிப் பெண்கள் அந்த வருஷத்து நிறம் என்னவென்று பார்க்கக் காத்திருப்பார்கள்.

தொண்ணூற்றேழாம் வருஷம் ஆயுதபூஜைக்கு முன்னால் சக்கரங்களைக் கழற்றியவன், பெயிண்ட் டப்பாவைத் திறக்காமல் ஆள் அனுப்பி பிரிஜெட்டைக் கூப்பிட்டான்.

“சிஸ்டர், இங்க விரல வெச்சுப் பாருங்க.”

ஆறு போல்ட்டுத் துளைகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு முடியளவு கோடு ஓடியது. விரிசல். இன்னொரு சக்கரத்தில் வட்டமாக இருக்க வேண்டிய துளைகள் கோழிமுட்டை மாதிரி நீண்டிருந்தன. ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தில் ஒன்றுகூடத் தேறவில்லை.

“வெல்டிங் வெச்சா?”

“வெக்கறவன் கைய ஒடைக்கணும். ஓடறப்ப பொளந்துடும். இதுல இனிமே நீங்க ஓட்டக் கூடாது. சாவி என்கிட்டயே இருக்கட்டும்.”

“வேற சக்கரம் மாட்டிக் குடேன்.”

“இது நம்ம ஊரு சக்கரம் இல்லியே. எங்க போய்த் தேடறது?”

பிரிஜெட்டுக்கு மனம் குவாரிக்கு ஓடியது. அங்கே தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த சின்னத்தாயி எட்டு மாத வயிற்றோடு கல் உடைத்துக்கொண்டிருந்தாள். போன வியாழக்கிழமையே கால் இரண்டும் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியிருந்தது. அது எங்கே போய் முடியும் என்று பிரிஜெட் வார்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். வலிப்பு வந்தால் தாயும் மிஞ்சமாட்டாள், பிள்ளையும் மிஞ்சாது.

அந்த வியாழக்கிழமை பஸ் ஏறி, மிச்ச தூரத்தை நடந்து, குவாரிக்குப் போனாள். ஜல்லி இயந்திரத்தின் இரைச்சலில், குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தால் பிள்ளையின் துடிப்பு கேட்கவில்லை. சுற்றிலும் ஆண்கள் நின்றார்கள். வண்டிக்குள் கதவைச் சாத்தினால் இரைச்சல் பாதியாகிவிடும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்தாள். இன்னும் ஏறியிருந்தது.

“என்கூட வா சின்னத்தாயி. பெரிய ஆஸ்பத்திரியில சேத்துடறேன்.”

“உங்க கூட நடந்து வந்தா ஓடிப்போயிட்டேன்னு, வாங்கின முன்பணத்துக்கு மேஸ்திரி என் புருசனப் புடிச்சுக்குவான். அதுமில்லாம இந்தக் காலோட ரோடு வரைக்கும் நடக்க முடியுமா நானு? வூட்டு வண்டியக் கொண்டாங்க நர்சம்மா. அதுல ஏறுனா வைத்தியத்துக்குத்தான் போறேன்னு எல்லாருக்கும் தெரியும். அதுல வாரேன்.”

அந்தப் பாறைப் பாதையில் ஆட்டோ ஏறாது. டாக்ஸிக்காரர்கள் குவாரி என்றாலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அடுத்த வியாழனுக்குள் சக்கரம் வேண்டும்.

அளவெடுக்க பிரிஜெட் ஒரு வழி கண்டாள். பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை எடுத்து, சக்கரம் கழற்றிய இடத்தில், ஆறு போல்ட்டுகளும் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வட்ட முகத்தில் அழுத்தினாள். போல்ட்டு பட்ட இடங்களை அறுவைக் கத்தியால் வெட்டினாள். நடுவில் புடைத்திருந்த வட்டத்தையும் வெட்டினாள். யாரோ ஒருவருடைய விலா எலும்புகளுக்கு நடுவே ஆறு சின்னத் துளைகளும் ஒரு பெரிய துளையும் விழுந்தன. எந்தச் சக்கரத்தின் மேல் வைத்தாலும் ஊடே தெரியும். கேத்தரின் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

“பாவம், யாரோ. செத்தும் வண்டிக்கு உழைக்கறான்.”

“செத்தான்னு யார் சொன்னது? நெஞ்சு சளி. நல்லாயிட்டு ஊருக்குப் போயிட்டான்.”

சிவாஜி நகர் குஜிரி சந்தையில் பழைய இரும்புச் சாமான்கள் மலையாகக் குவிந்து கிடக்கும். அக்காவும் தங்கையும் அந்த எக்ஸ்ரே படத்தோடு அங்கே இறங்கினார்கள். சக்கரம் என்றால் வட்டம், நடுவில் துளைகள், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டுதான் பிரிஜெட் போயிருந்தாள். ஐந்து துளைச் சக்கரம், ஆறு துளை, எட்டு, பத்து. ஆறிலேயே எத்தனை விதம்! ஒன்றில் துளைகளின் வட்டம் கொஞ்சம் பெரிது. ஒன்றில் எல்லாம் பொருந்தி நடுத்துளை சிறிது. இன்னொன்று எக்ஸ்ரேவின் கீழ் அச்சாகப் பொருந்தியது. சந்தோஷத்தில் கேத்தரின் கத்தியே விட்டாள். அதை நிமிர்த்திப் பக்கவாட்டில் பார்த்தால் குழிவு குறைவு. மாட்டினால் டயர் உள்ளே போய் ஸ்பிரிங்கில் உரசும்.

பிரிஜெட் ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டாள். களைப்பு பாதி, பிரமிப்பு மீதி. எங்கோ ஒரு ஊரில், எந்தக் காலத்திலோ, ஒருவன் காகிதத்தில் கோடு போட்டு இந்தத் துளை இங்கே என்று முடிவு செய்திருக்கிறான். அவன் கை பென்சில் நுனியளவு தள்ளிப்போயிருந்தால் இன்று ஒரு குவாரிப் பெண்ணுக்கு வைத்தியம் இல்லை. அவனுக்கு இது தெரியாது. தெரியாமலேயே ஆயிரமாயிரம் பேர் ஒரே அளவுக்குக் கட்டுப்பட்டு இரும்பை அடித்திருக்கிறார்கள். மந்திரம் என்று எதையெல்லாமோ சொல்கிறார்கள். ஒருவரையொருவர் பார்த்தேயிராத மனிதர்கள் ஒரு அளவில் ஒத்துப்போவதைவிடப் பெரிய மந்திரம் அவளுக்குத் தெரியவில்லை.

கடைக்கார பாய் எக்ஸ்ரேவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அம்மா, இது ஜெர்மன் மால். நம்மகிட்ட கிடைக்காது. பீன்யாவுல ஒரு ஃபாக்டரில ஸ்கிராப் ஏலத்துக்குப் போனேன். ஜெனரேட்டர் வெச்ச டிராலி ஒண்ணு, இதே மாதிரி சக்கரம். அவங்க குடுக்கல. அந்த ஸ்டோர் ஆபீசர் ரொம்ப சக்த் ஆளு.”

ரொம்பக் கண்டிப்பான அந்த ஸ்டோர் ஆபீசரின் பேர் அனந்தபத்மநாபன். நாகர்கோவில்காரர், நெற்றியில் சந்தனக் கீற்று. மேஜைக்கு முன்னால் இரண்டு கிழவிகள் எக்ஸ்ரேயோடு வந்து நிற்பதைப் பார்த்து எழுந்துவிட்டார்.

“டிஸ்பென்சரி அந்தப் பக்கம்மா.”

“சீக்கு எங்களுக்கில்ல சார். வண்டிக்கு.”

பின்கட்டில், புல் முளைத்த மூலையில், அந்த டிராலி நின்றது. ஜெர்மன் இயந்திரங்களோடு கூடவே கப்பலில் வந்தது. ஜெனரேட்டரைக் கழற்றி எடுத்தபின் கேட்பாரில்லை. சக்கரங்கள் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, மேலே உபரியாக ஒன்று. பிரிஜெட் ஒரு சக்கரத்தின் துருவைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு எக்ஸ்ரேவை வைத்தாள். ஆறு துளைகள் வழியே ஆறு துளைகள். நடுவட்டத்தில் நடுவட்டம். இம்மியும் மிச்சமில்லை. கேத்தரின் அடி ஸ்கேலால் குழிவை அளந்தாள், அதுவும் சரி. நட்டு உட்காரும் குழி உருண்டையாக இருந்தது. வண்டியின் பழைய சக்கரத்திலும் அப்படியே.

அனந்தபத்மநாபன் குனிந்து பார்த்தார். அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது.

“ரெண்டும் ஒரே வருஷத்துல ஒரே ஊர்ல பொறந்திருக்கணும். இது கடல் வழியா வந்தது, அது தரை வழியா. பாத்தீங்களா, கடைசில எங்க வந்து சந்திக்குதுன்னு!”

எங்கே ஓட்டுகிறீர்கள், எதற்கு என்று விசாரித்தார். சின்னத்தாயியைப் பற்றிக் கேட்டபின் கண்டிப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. மேலிடத்தில் பேசிக் கையெழுத்து வாங்கி, தானமாகவே கொடுக்க ஏற்பாடு செய்தார். சக்கரங்களை டெம்போவில் ஏற்றும்போது ஒரு விஷயம் சொன்னார்.

“ஒண்ணு தெரிஞ்சுக்கோங்கம்மா. ஆணில சட்டைய மாட்டற மாதிரி போல்ட்டுல சக்கரம் தொங்கிண்டிருக்குன்னு எல்லாரும் நினைக்கறா. இல்ல. போல்ட்டு செய்யறதெல்லாம் ரெண்டு இரும்பு முகத்தையும் சேத்து அழுத்தறது மட்டும்தான். அந்த அழுத்தத்துல முகத்த முகம் புடிச்சுக்கறது. வண்டியோட பாரம் அந்தப் பிடியிலதான் நிக்கறது.”

வழியெல்லாம் பிரிஜெட் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். பசையில்லை, பூட்டில்லை. இரும்போடு இரும்பு அழுந்திக் கிடப்பதில் அத்தனை பலமா!

ஜெயராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டயர்களை மாற்றி மாட்டினான். ஆயுதபூஜை இந்த அமளியில் போய்விட்டிருந்தது; அதனால் என்ன, புதுச் சக்கரத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடலாமா? துருவைத் தேய்த்து, வழக்கம்போல முன்னும் பின்னும் வெள்ளிப் பெயிண்ட் அடித்தான். நட்டுகளை முறுக்கும் ஸ்பேனரில் நீளக் குழாயைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்று மிதித்தான். ஒரு பூசணிக்காயையும் உடைத்தான்.

புதன்கிழமை காலை அக்காவும் தங்கையும் ஹெப்பாள் வரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். திரும்பும்போது ‘டக் டக்’ என்று ஒரு சத்தம். கடை வாசலில் நிறுத்தினார்கள். ஜெயராஜ் குனிந்து ஒரு நட்டைத் தொட்டான். கை விரலிலேயே சுழன்றது.

கூட்டம் கூடிவிட்டது. கண் பட்டுவிட்டது என்றார் ஒருவர். வண்டியைத் தெற்குப் பார்த்து நிறுத்தியிருக்கக் கூடாது என்றார் இன்னொருவர். தற்செயலாக அங்கே டயர் மாற்ற வந்திருந்த குவாரி மேஸ்திரி, வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னான்: “பொம்பள ஓட்டுனா நட்டு நிக்குமா? சும்மா வூட்ல கெடங்கம்மா.”

“உங்க லாரிய ஓட்டினது ஆம்பளதானே? போன மாசம் பள்ளத்துல கெடந்துதே, அது எந்த நட்டு?” என்றாள் கேத்தரின்.

சிரிப்பு அடங்கியதும் ஜெயராஜ் பிரிஜெட்டைத் தனியாக அழைத்துப் போனான். முகம் வெளுத்திருந்தது.

“சிஸ்டர், தப்பு என்மேலதான். மூணு சக்கரத்துலதான் நட்டு தளர்ந்திருக்கு. ஆனா குத்தம் நாலாவதுல இருக்கு. பின்னாடி வலது பக்கம். அதுக்கு வர்றப்ப பெயிண்ட் தீந்துபோச்சு. வெளிய தெரியிற ஓரத்துல மட்டும் அடிச்சிட்டு, உள்முகத்துக்கு அடிக்காமயே மாட்டிட்டேன். இத்தன வருஷத்துல ஒரு தடவகூட நான் அப்படிச் செஞ்சதில்ல. அரகொறயா செஞ்சேன் பாருங்க, அதான் எல்லாத்தையும் ஒதைச்சிருச்சு.”

“அந்தச் சக்கரம் எப்படி இருக்கு?”

“அது கெட்டியாத்தான் இருக்கு. குழாய் போட்டு மிதிச்சாலும் அசையல.”

பிரிஜெட் வண்டியைச் சுற்றிப் போய் அந்தச் சக்கரத்தின் முன்னால் குனிந்தாள். வார்டில் எல்லோருக்கும் வாந்திபேதி கண்டு ஒருவன் மட்டும் எழுந்து நடந்தால், எந்தச் சாமியைக் கும்பிட்டாய் என்று அவனைக் கேட்பதில்லை. நீ எதைச் சாப்பிடவில்லை என்றுதான் கேட்பாள்.

“ஜெயராஜ், மத்த மூணுக்குப் போட்டு, இதுக்கு மட்டும் போடாம விட்டது என்ன?”

“அதான் சொன்னேனே. பெயிண்ட்டு.”

சொன்ன வாய் மூடவில்லை. அவனே கேட்டுக்கொண்டான், தான் சொன்னதை.

முன்சக்கரம் ஒன்றைக் கழற்றினார்கள். உள்முகத்தில் வெள்ளிப் பெயிண்ட் நசுங்கி, பால் ஏடு மாதிரி சுருண்டு, பாதி உதிர்ந்து போயிருந்தது. நட்டை எவ்வளவு மிதித்து முறுக்கினாலும் அழுந்தியது அந்த ஏடுதான். ஓட்டத்தில் ஏடு நசுங்கி விலகியதும் அந்த இடம் காலி. பிடி தளர்ந்துவிட்டது. பிரிஜெட் மூலையில் கிடந்த பழைய சக்கரம் ஒன்றை இழுத்து, அறுவைக் கத்தியால் துளையோரம் கீறினாள். வெள்ளி உரிந்தது. கீழே சிவப்பு. கீழே பச்சை. மறுபடி வெள்ளி. ஆறாத புண்ணில் பொருக்குக்கு மேல் பொருக்காக, ஒவ்வொரு ஆயுதபூஜையும் அதில் இருந்தது. அப்படித் தளர்ந்து தளர்ந்துதான் துளைகள் நீண்டன, விரிசல் விழுந்தது.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு தலைமயிர் கனம்கூட இல்லாத அன்பு இத்தனை கனமான இரும்பை உடைத்திருக்கிறது என்பது அவளை அசைத்துவிட்டது. இரும்புக்கு அன்பும் தெரியாது, குற்றமும் தெரியாது. பூசணிக்காய் உடைத்தவனுக்கும் உடைக்காதவனுக்கும் அது ஒரே கணக்கைத்தான் போடும். அந்தக் கணக்கில் ஜாதியில்லை, கதவு நம்பர் இல்லை. உலகத்தில் அவள் கண்ட நியாயங்களிலேயே ஓரவஞ்சனை இல்லாத நியாயம் அது ஒன்றுதான்.

“அப்ப இத்தன வருஷம் நான்தான் அத...” ஜெயராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “உங்கள வெச்சிக்கினே... அந்த ரோட்டுல...”

“அழறத அப்பறம் அழலாம். கம்பி பிரஷ் எங்க?”

எல்லாச் சக்கரங்களின் உள்முகத்தையும், வண்டியில் அவை உட்காரும் முகத்தையும், நட்டுக் குழிகளையும் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்தார்கள். கேத்தரினும் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் தேய்த்ததில் திருப்திப்படாமல் ஜெயராஜ் அதையே மறுபடி தேய்த்தான். “கணக்கு டீச்சர் நோட்டத் திருத்தற நீ?” என்று அவள் சீண்டினாள், அவன் தலை நிமிரவில்லை. எதிரெதிர் நட்டுகளாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார்கள். கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி முறுக்கினார்கள். மாலையில் சாவியைக் கொடுக்கும்போது ஜெயராஜ் சொன்னான்: “நாளைக்கு நானும் ஸ்கூட்டர்ல பின்னாடியே வரேன் சிஸ்டர்.”

வியாழக்கிழமை குவாரிக்குள் நுழைந்ததுமே பெண்கள் சம்மட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். இந்த வருஷம் என்ன நிறம் என்று பார்த்தார்கள். ஓரத்தில் கொஞ்சம் வெள்ளி, நடுவில் வெறும் இரும்பு. யாருக்கும் பிடிக்கவில்லை. சின்னத்தாயியை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். முகமும் வீங்கியிருந்தது.

கதவைச் சாத்தியதும் இரைச்சல் அமுங்கியது. குழலில் காதை வைத்தாள் பிரிஜெட். கேட்டது. ஒரு தோலுக்கு அப்பால், வேகமாக, பிடிவாதமாக ஒரு துடிப்பு. ரத்த அழுத்தம் பார்த்தாள். கருவியை மறுபடியும் கட்டிப் பார்த்தாள்.

“தலை வலிக்குதா?”

“கண்ணுல மின்னுது நர்சம்மா.”

பிரிஜெட் இறங்கி டிரைவர் இருக்கையில் ஏறினாள். மேஸ்திரி வண்டிக்கு முன்னால் வந்து நின்றான்.

“ஆள எங்க கூட்டிப் போறீங்க? லோடு ஏத்தணும். அவ போனா யாரு ஏத்துவா?”

“நீ ஏத்து,” என்றது கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல். யாருடையது என்று அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் ஜல்லிக் கூடைகள் ஒவ்வொன்றாகக் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. யாரும் அவனை அடிக்கவில்லை, ஏசவில்லை. கூடைகளைக் கீழே வைத்துவிட்டு, வண்டிக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றார்கள். எத்தனையோ வருஷமாக நடந்திராதது அது. அவன் ஒதுங்கினான்.

பாறைப் பாதையில் வண்டி குலுங்கி இறங்கியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பிரிஜெட்டின் உயிர் சக்கரங்களில் போய் உட்கார்ந்தது. தார்ச்சாலை ஏறியதும் ஓரங்கட்டி நிறுத்தினாள். பின்னால் வந்த ஜெயராஜ் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு ஓடிவந்து நட்டுகளில் ஸ்பேனரைப் போட்டான். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. வண்டியைச் சுற்றி வந்தான்.

“அசையல சிஸ்டர். ஒண்ணும் அசையல!”

ஜன்னல் திரையை விலக்கி சின்னத்தாயி எட்டிப் பார்த்தாள்.

“ஏன் நிப்பாட்டிட்டீங்க?”

“சக்கரம் பாக்கறோம்.”

“சக்கரத்த அப்பறம் பாருங்க. எனக்கு இடுப்பப் புடிக்குது.”

“போ அக்கா, போ!” என்றாள் கேத்தரின். அதற்குப் பிறகு வழி நெடுக அவள் ஒரு தடவைகூட ‘போகாதே’ என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரிஜெட் கூடவே உள்ளே போனாள். டாக்டர்கள் தாமதிக்கவில்லை, நேரே அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். போர்ட்டிகோவில் ஜெயராஜ் முழங்காலிட்டு மறுபடியும் நட்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தான். சூடேறியிருந்த இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்தான். எடுக்கவில்லை.

“ஏய், வண்டிய எடுப்பா. இங்க இன்னா பூஜ பண்ணிக்கினு?” என்றார் காவலாளி.

“இருங்கண்ணா. உள்ள பாருங்க, ரெண்டு இரும்பு ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கினு கீது. பசை கெடையாது, ஒண்ணும் கெடையாது. கல்லு ரோட்டுல ரெண்டு உசுரத் தூக்கிக்கினு வந்துருக்கு.”

காவலாளி குனிந்து பார்த்தார். அவருக்கு ஒரு பழைய சக்கரம்தான் தெரிந்தது. இருந்தாலும் ஏனோ வண்டியை எடுக்கச் சொல்வதை விட்டுவிட்டார்.

வெகுநேரம் கழித்து கேத்தரின் படியிறங்கி வந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“பொண்ணு. கையளவுதான் இருக்கா. ஆனா கத்தறா பாரு, குவாரி மிஷினே தோத்துடும்.”

“தாயி?”

“கண்ண முழிச்சிட்டா. வண்டி வெளிய நிக்குதான்னு கேட்டா. நிக்குதுன்னு சொன்னேன்.”